கடையில் பாத்ரூம் கேட்டால் கொடுப்பதா, வேண்டாமா? சிறு கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜவுளி, பாத்திரம், மருந்து, செல்போன், டீக்கடை, பார்லர், தையல் என்று நாலைந்து பேரை வைத்துக் கடை நடத்துகிறவர்களுக்காக எழுதியது இது. மால், ஸ்டார் ஹோட்டல் கணக்கு வேறு. அவர்களுக்குத் தனியாக ஆளும் உண்டு, தண்ணீரும் உண்டு.

கொடுக்கலாமா, கூடாதா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க.

கொடுங்கள். கடையில் கழிவறை இருந்து, அது புழங்குகிற நிலையிலும் இருந்தால், பொருள் வாங்க வந்தவருக்குக் கொடுங்கள். வாங்காவிட்டாலும் அவசரம் என்று வந்து நிற்பவருக்குக் கொடுங்கள். உண்மையிலேயே கொடுக்க முடியாத கடைகளும் உண்டு, அதைக் கீழே பார்ப்போம். எந்த முடிவானாலும் கடை காலியாக இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து யோசித்து எடுத்துவிடுங்கள். ஆள் எதிரே வந்து நின்ற பிறகு அவர் சட்டையையும் செருப்பையும் பார்த்து முடிவெடுப்பதில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது.

சட்டப்படி கொடுத்தே ஆகணுமா?

தெருவில் போகிற எவர் கேட்டாலும் கடைக்காரர் தன் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்று நாடு முழுவதற்குமான பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஆகவே "குடுக்கலைன்னா கேஸ் போடுவேன்" என்று ஒருவர் மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் சட்டம் குறுக்கே வரும். ஒன்று, உங்களிடம் வேலை பார்ப்பவர்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். இன்னொன்று, ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்குச் சாதி பார்த்து மறுப்பது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமை காரணமாக மறுக்கக் கூடாதவற்றைப் பட்டியல் போடும்போது கடை, உணவகம், கிணறு, குழாய் இவற்றோடு கழிப்பிடத்தையும் சேர்த்தே சொல்கிறது. திருநர்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுமக்களுக்குக் கிடைக்கிற வசதியைத் திருநர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்கிறது. "நான் யாருக்குமே கொடுப்பதில்லை" என்பது உங்கள் விருப்பம். "இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை" என்றால் ஏன் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

1867ஆம் வருஷத்துச் சட்டப்படி எந்த ஹோட்டலிலும் இலவசமாத் தண்ணி குடிக்கலாம், பாத்ரூம் போகலாம்னு வாட்ஸ்அப்பில் வருதே?

வருஷம் தவறாமல் சுற்றி வருகிற செய்தி அது. சராய் சட்டம், 1867 என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களை ஒழுங்குபடுத்தப் போட்ட சட்டம். சத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், அறைகளையும் சாக்கடையையும் சுத்தமாக வைக்க வேண்டும், தங்குகிற ஆட்களுக்கும் அவர்கள் கொண்டுவரும் கால்நடைகளுக்கும் தண்ணீர் எடுக்கிற கிணறு குளத்தைத் தூர்வார வேண்டும், யாருக்காவது தொற்றுநோய் வந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சத்திரக்காரருக்குக் கடமை விதிக்கிறது. கட்டணப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும் என்றும் அதில் ஒரு பிரிவு உண்டு. கட்டணப் பட்டியல் மாட்டச் சொல்லும் சட்டத்தில் இலவசத்தை எங்கே தேடுவது? வழியில் போகிறவர் எல்லோரும் நுழைந்து கழிவறையை உபயோகிக்கலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அதைக் காட்டி வாக்குவாதம் செய்ய வருபவரிடம் இத்தனையையும் விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அவருக்கு அவசரம். உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் வேண்டுமானால் சட்டம் பேசலாம்.

சாப்பாட்டுக் கடை, டீக்கடைக்கு வேற விதியா?

உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிற கடையில் கை கழுவ இடம் இருப்பது போலக் கழிவறையும் இருக்கும் என்றுதான் வருகிறவர் எதிர்பார்க்கிறார். அது நியாயம்தான். சாப்பிட்டவருக்கு மறுத்துவிட்டு அந்தக் கடை நீடித்து நிற்காது.

சாப்பிடாதவருக்கு? இதற்கு டெல்லியில் ஒரு வழி செய்து பார்த்தார்கள். தெற்கு டெல்லி மாநகராட்சி 2017 ஏப்ரல் முதல் தன் எல்லைக்குள் இருக்கும் ஹோட்டல்களும் உணவகங்களும் வாடிக்கையாளர் அல்லாதவருக்கும் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்று அறிவித்தது. பராமரிப்புக்காக அதிகபட்சம் 5 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்றது. பெண்களும் குழந்தைகளும் ஊருக்குள் ஒதுங்க இடமில்லாமல் தவிப்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. உணவகக்காரர்கள் கொதித்தார்கள். யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிற உரிமையே போய்விட்டது, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்றார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. உத்தரவு போட்டவர்கள் கழிவறை கழுவும் செலவில் பங்கு எடுத்துக்கொண்டிருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நடைபாதை டீக்கடைக்கு இந்தக் கேள்வியே இல்லை. அங்கே மாஸ்டருக்கே பக்கத்துச் சந்துதான் கதி.

பெட்ரோல் பங்க்கில் யார் வேணும்னாலும் போறாங்களே?

பங்க் நடத்துபவர் எண்ணெய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். காற்று, குடிதண்ணீர், கழிவறை வைத்திருப்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. அங்கேயும் அது வண்டியோடு வருபவருக்கா, ஊருக்கே பொதுவா என்பதில் சச்சரவு உண்டு. கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் பங்க் கழிவறைகளைப் பொதுக் கழிப்பிடம்போல நடத்துவதாகப் பங்க் உரிமையாளர்கள் 2025இல் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். உங்கள் பெட்டிக்கடைக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

எங்க கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கே பாத்ரூம் இல்லை. இதில் கஸ்டமருக்கு எங்கே போக?

அப்படியானால் வாடிக்கையாளரை விட்டுவிடுங்கள், முதலில் இதைத் தீருங்கள்.

கடைத்தெருவில் சேல்ஸ் வேலை பார்க்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போனதுதான், இனி ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் என்று எத்தனையோ பேர் சொல்வார்கள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் காலத்திலும் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுக்கிறார்கள், மாதவிலக்கு நாட்களில் லீவு போடுகிறார்கள். "அந்தப் பொண்ணு அடிக்கடி லீவு போடுது" என்று அலுத்துக்கொள்கிற முதலாளிக்கு அதன் காரணம் தன் கடையிலேயே இருப்பது தெரிவதில்லை.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதைத்தான் முதலில் கேட்டார்கள். தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த பி. விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பை உண்டாக்கினார். கழிவறை கேட்டுத் தொடங்கியது, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்க வைக்கிறார்களே என்று உட்காரும் உரிமை வரை வளர்ந்தது. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதுப்பிரிவு சேர்த்து, ஊழியருக்கு இருக்கை போட வேண்டும் என்றது. நம் ஊரில் இருக்கை வரை வந்துவிட்டோம், கழிவறைதான் இன்னும் பல கடைகளில் பக்கத்து ஹோட்டல்காரரின் தயவில் இருக்கிறது.

10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடங்களுக்கு 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஆண், பெண், திருநர் மூவருக்கும் தனித்தனியே கழிவறை ஏற்பாடு கேட்கிறது. நாலு பேர் கடைக்கு அது பொருந்தாமல் போகலாம். நாலு பேருக்கும் சிறுநீரகம் ஒன்றுபோலத்தான் வேலை செய்கிறது.

இடமே இல்லை என்றால் பக்கத்துக் கடைகள் மூன்று நாலு சேர்ந்து பின்சந்தில் ஒன்று கட்டலாம். கட்டட உரிமையாளரிடம் அட்வான்ஸ் பேசும்போதே கழிவறை, தண்ணீர் இணைப்பு இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாடகை குறைக்கச் சொல்லி மன்றாடுவதைவிட இது எளிதில் நடக்கும்.

பொருள் வாங்காம வெறுமனே பாத்ரூமுக்கு வர்றவங்களை என்ன செய்ய?

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது" என்று சும்மாவா சொன்னார்கள். முன்பின் தெரியாத கடைக்குள் நுழைந்து, நாலு பேர் முன்னால் இதைக் கேட்பது யாருக்கும் சுலபமில்லை. பெண்களுக்கு இன்னும் கஷ்டம். கூச்சத்தை விட்டுக் கேட்கிறார் என்றால் வேறு வழியில்லை என்றுதான் பொருள்.

ஆனாலும் பேருந்து நிலையத்தின் எதிரே இருக்கிற கடைக்காரர் நிலைமை வேறு. ஒருவருக்குக் கொடுத்தால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அங்கே "வாடிக்கையாளருக்கு மட்டும்" என்று எழுதி வைப்பதில் தவறில்லை. எழுதி வைத்தால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை வேட்டிக்கு ஒரு விதி, அழுக்குச் சட்டைக்கு ஒரு விதி என்று கடைப்பையன் தானாக முடிவெடுக்க விடக்கூடாது.

விதி கையில் இருந்தும் ஆளைப் பார்த்து நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே போதும். 2018 ஏப்ரலில் பிலடெல்பியா நகரத்து ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் கறுப்பின இளைஞர்கள் இரண்டு பேர் ஒரு சந்திப்புக்காகக் காத்திருந்தார்கள். இன்னும் எதுவும் வாங்கவில்லை. ஒருவர் கழிவறை கேட்டார், வாங்காதவருக்கு இல்லை என்று மறுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேலாளர் போலீசைக் கூப்பிட, விலங்கு மாட்டி இழுத்துப்போனார்கள். வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த மாதமே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் கழிவறையை உபயோகிக்கலாம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்று, மறுபடி வாடிக்கையாளருக்கு மட்டும் என்றாக்கியது. அத்தனை பெரிய நிறுவனத்தாலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டுச் சமாளிக்க முடியவில்லை. "மட்டும்" என்ற விதி அங்கே முன்பே இருந்தது. அது யார்மீது பாய்ந்தது என்பதில்தான் அத்தனை கொந்தளிப்பும்.

யாருக்கு மறுக்கவே கூடாது?

சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், உடல் ஊனமுற்றவர். இவர்களைப் பார்த்தாலே தெரியும்.

பார்த்தால் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு அடிக்கடி வரும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போட்டவருக்குச் சில மணி நேரம் அடக்கவே முடியாது. புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கு வந்த வேகத்தில் போயாக வேண்டும், போனாலும் முழுதாகப் போகாது, அரைமணியில் மறுபடி வரும். குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே வழியில் எங்கெங்கே கழிவறை என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் புறப்படுகிறார்கள்.

இந்தக் கடைசி வகைக்காகவே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005இல் ஒரு சட்டம் போட்டது. குரோன் என்ற குடல் நோய் இருந்த 14 வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு துணிக்கடைக்குப் போனபோது, அவசரம் என்று கெஞ்சியும் ஊழியர் கழிவறையைத் தர மறுத்துவிட்டார்கள். அவளும் தாயாரும் சும்மா இருக்கவில்லை, சட்டசபை உறுப்பினரிடம் போய் முறையிட்டார்கள். 'ஆலி சட்டம்' என்று அந்தப் பெண்ணின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. பிறகு வேறு பல மாநிலங்களும் அதேபோலச் சட்டம் கொண்டுவந்தன. கடைக்காரர் பக்கத்தையும் அந்தச் சட்டம் யோசித்திருக்கிறது. அந்த நேரத்தில் கடையில் போதிய ஆட்கள் வேலையில் இருக்க வேண்டும், கழிவறை இருக்கும் இடம் ஆபத்தானதாகவோ திருட்டுக்கு வழி விடுவதாகவோ இருக்கக் கூடாது. ஒற்றை ஆளாகக் கடையில் நிற்பவரைக் கல்லாவை விட்டுவிட்டு வா என்று அது கட்டாயப்படுத்தவில்லை.

நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. இருந்தாலும் நோயைச் சொல்லச் சொல்லி, சீட்டைக் காட்டச் சொல்லி யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

குடோன் வழியாத்தான் போகணும். சரக்கு காணாமப் போனா?

இந்தப் பயம் வீண் பயமில்லை. செல்போன் கடை, நகைக்கடை, மருந்துக்கடை மூன்றுக்கும் இது உண்மையான தடை. மருந்துக்கடையில் ஊசிமருந்தும் தூக்கமாத்திரையும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே வெளியாளை அனுப்புவது சரியல்ல. அங்கே இல்லை என்று சொல்லலாம்.

மற்ற கடைகளில் பெரும்பாலும் ஒரு கம்பிவலைக் கதவு போதும். சரக்குப் பக்கம் பூட்டு, நடைபாதைப் பக்கம் வெளிச்சம். கைப்பையையும் கட்டைப்பையையும் கல்லாவில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம், ஆனால் பெண்களிடம் கைப்பையை வாங்கி வைக்காதீர்கள். நாப்கின் அதற்குள்தான் இருக்கும். நடையில் ஒரு கேமரா வைக்கலாம். கேமரா என்று வந்துவிட்டதால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

கேமரா வெச்சா லேடீஸ் உள்ளே போக பயப்படுறாங்க.

பயப்படத்தான் செய்வார்கள். கேமரா நடையைத்தான் பார்க்க வேண்டும். கழிவறைக் கதவுக்கு நேராகவும் அதன் ஜன்னலை நோக்கியும் திரும்பியிருக்கவே கூடாது. பெண்ணை அந்தரங்கமான நிலையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சம்ஹிதையின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவையிலேயே ஓராண்டுக்குக் குறையாத சிறை, மூன்றாண்டு வரை போகலாம். ஜவுளிக்கடை டிரையல் ரூமுக்கும் இதேதான்.

உள்ளே போய் நீங்களே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா? கதவில் ஆணி பிடுங்கிய ஓட்டை இருக்கிறதா? வென்டிலேட்டர் எதிர்வீட்டு மாடிக்கு நேராக இருக்கிறதா? பல்பு எரிகிறதா? பையை மாட்ட ஒரு கொக்கி உண்டா? ஐம்பது ரூபாய்த் தாழ்ப்பாள் இல்லாததால் எத்தனை பெண்கள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருப்பார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

தண்ணி? எங்க ஊரில் லாரித் தண்ணி வாங்கிக் கட்டுபடியாகலை.

கணக்குப் போட்டுவிடலாம். இந்தியன் டாய்லெட்டில் வாளி, மக் வைத்தால் ஊற்றுவதும் கை கழுவுவதும் சேர்த்து ஒருவருக்கு 6 லிட்டருக்குள் அடங்கும். ஒரு நாளைக்கு 30 பேர் என்று தாராளமாக வைத்தால் 180 லிட்டர். மாதம் 26 நாள் கடை திறந்தால் 4,680 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பாதிகூட இல்லை. பழைய வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஒரு தடவை ஃபிளஷ் செய்தால் 10 லிட்டர் போகும், கை கழுவ ஒன்று. அதே 30 பேருக்கு மாதம் 8,580 லிட்டர் ஆகும். ஃபிளஷ் தொட்டியை மாற்றினால் பாதி மிச்சம்.

ஒரு கடைக்கு உண்மையில் நாளைக்கு 30 பேர் வருவதில்லை. நாலைந்து பேர் வந்தாலே அதிகம். தண்ணீரை அதிகம் தின்பது ஒழுகுகிற குழாயும் மூடாத மிதவை வால்வும்தான். அதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைக் குறை சொல்கிறோம்.

செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பிடுமே?

ஆள் கூடினால் கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும். ஆனால் நாப்கினும் டயப்பரும் துணியும் உள்ளே போனால்தான் அடைப்பு. ஒரு மூடி போட்ட குப்பைக்கூடை, பக்கத்தில் பழைய செய்தித்தாள் துண்டுகள். பிரச்சினை பெருமளவு முடிந்தது. "நாப்கின் போடாதீர்கள்" என்று போர்டு மட்டும் எழுதிவிட்டுக் கூடை வைக்காத கடைகளை என்ன சொல்ல?

வாடை வருகிறது என்று ஆசிட்டையும் பினாயிலையும் பாட்டில் பாட்டிலாக ஊற்றாதீர்கள். கழிவை மக்கவைக்கிற நுண்ணுயிர் தொட்டிக்குள் செத்துப்போனால் தொட்டி இன்னும் வேகமாக நிரம்பும். அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத சின்ன அறையில் குனிந்து தேய்க்கிறவரின் நுரையீரலை அது பதம் பார்த்துவிடும். கடையில் கழுவுகிறவர்களிடம் இதை நாமாகச் சொல்லித் தர வேண்டும். பாட்டிலில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்?

தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு உறிஞ்ச வையுங்கள். மனிதரை உள்ளே இறக்காதீர்கள். "கொஞ்சம் சகதிதான், இறங்கி அள்ளிடுவான், ரெண்டாயிரம் கொடுத்தாப் போதும்" என்று யாராவது ஆள் பிடித்துத் தந்தால் துரத்திவிடுங்கள். மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு நிற்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போன இன்னொருவரும் சேர்ந்து சாவதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவை இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் இந்தச் சாவுகள் குறைவில்லை என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

யார் கழுவுறது? கடைப்பசங்க முடியாதுங்கிறாங்க.

இந்தப் பக்கத்திலேயே சங்கடமான கேள்வி இதுதான். கழிவறையைப் பூட்டி வைக்கிற பல கடைகளில் தண்ணீரும் காரணமில்லை, திருட்டும் காரணமில்லை. கழுவுவது யார் என்று பேசி முடிக்காததுதான் காரணம்.

சில கடைகளில் பேசாமலே முடிந்துவிடும். வேலைக்கு வந்திருப்பவர்களில் எந்தச் சாதிப் பையனோ, அவன் கைக்குத் துடைப்பம் தானாகப் போய்விடும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பில் போட வந்தவனை, துணி மடிக்க வந்தவனைச் சாதி பார்த்துக் கழுவ அனுப்புவது அநியாயம், சட்டப்படியும் உங்களை மாட்டிவிடும்.

இரண்டு வழிதான். ஒன்று, அதற்கென்றே ஒருவரைச் சம்பளம் பேசி வையுங்கள். நாலு கடை சேர்ந்து ஒருவரை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். கையுறை, பூட்ஸ், நீளக் கைப்பிடி பிரஷ் நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும், சம்பளத்தை ஒன்றாம் தேதி தர வேண்டும், டீ வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்க வேண்டும். இரண்டாவது, எல்லோருக்கும் முறை வைப்பது. அப்படி வைத்தால் முதலாளியும் அந்த முறையில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை முதலாளி முறை என்று சுவரில் எழுதி, அவரும் கழுவிவிட்டால் செவ்வாய்க்கிழமை யாரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

காசு வாங்கலாமா?

வாடிக்கையாளரிடம் வாங்காதீர்கள், அசிங்கம். வாங்காதவரிடம் ஐந்தோ பத்தோ கேட்பது உங்கள் இஷ்டம், கேட்டால் அறை அந்தக் காசுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். பேருந்து நிலையங்களில் பத்து ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு மூக்கைப் பொத்தி அனுப்புகிறார்களே, அந்தக் கோபமெல்லாம் உங்கள் தலையில் விடியும். உண்டியல் ஒன்று வைத்து "கழுவுபவருக்கு" என்று எழுதி வைத்தால் கேட்காமலே விழும். அந்தப் பணம் அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

காம்ப்ளெக்ஸில் பொது பாத்ரூம் இருக்கு, சாவி ஓனர்கிட்ட.

ஆளுக்கொரு சாவி போட்டு வாங்குங்கள். மெயின்டனன்ஸ் கட்டுகிறவர் நீங்கள். சாவியை ஒரு பெரிய மரக்கட்டையில் கோத்து வைத்தால் யாரும் மறந்து பாக்கெட்டில் போட்டுப் போகமாட்டார்கள்.

இல்லைன்னு எப்படிச் சொல்றது?

பொய் சொல்லாமல் சொல்லுங்கள். "பாத்ரூம் இல்லைங்க" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் கடைப்பையன் பின்னாலிருந்து கை துடைத்துக்கொண்டு வருவான். "பின்னால சரக்கு ரூமுக்குள்ள இருக்கும்மா, வெளியாளை விட முடியல. அந்த மெடிக்கலைத் தாண்டி ரெண்டாவது கட்டடம், ஹோட்டல் இருக்கு, கேட்டாத் தருவாங்க." இப்படி அடுத்த இடத்தைக் காட்டிவிடுங்கள். அதற்கு அந்த ஹோட்டல்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சும்மா ஆளைத் தள்ளிவிடக் கூடாது.

வீட்டோடு சேர்ந்த கடையாக இருந்து, உள்ளே போனால் உங்கள் வீட்டுப் பெண்கள் இருக்கிற இடம் என்றால் மறுப்பதில் ஒரு குற்ற உணர்வும் வேண்டாம்.

இதனால் வியாபாரம் கூடுமா?

டீக்கடைக்குக் கூடாது. மொபைல் ரீசார்ஜ் கடைக்கும் கூடாது. ஜவுளி, பாத்திரம், ஃபர்னிச்சர், பர்தா, கல்யாணப் பத்திரிகைக் கடை என்று குடும்பத்தோடு வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிற கடைகளுக்கு நிச்சயம் வித்தியாசம் தெரியும். முகூர்த்தப் புடவை எடுக்க வேனில் பதினைந்து பேர் வருகிறார்கள். அதில் ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை. பாட்டி நெளிய ஆரம்பித்ததும் "சீக்கிரம் முடிங்க" என்று தொடங்கிவிடும். எடுத்ததோடு எழுந்துவிடுவார்கள், வேட்டி சட்டை பக்கம் போகமாட்டார்கள். பாட்டியை நல்லபடியாகக் கவனித்த கடையின் பெயர் அடுத்த கல்யாணத்திலும் அந்த வீட்டில் அடிபடும்.

ஊருக்கு டாய்லெட் கட்டுறது அரசாங்க வேலை. நாம ஏன் செய்யணும்?

அரசாங்க வேலைதான், சந்தேகமில்லை. 2025 ஜனவரியில் நீதிமன்ற வளாகங்களில் கழிவறை கட்டுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுக் கழிவறை வசதி வாழ்வுரிமையைச் சேர்ந்தது, அதைச் செய்து தருவது அரசின் பொறுப்பு என்று சொன்னது. நீதிமன்றங்களின் நிலைமையே அப்படி என்றால் நம் கடைத்தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கட்டிய கழிப்பிடங்களும் எத்தனையோ ஊரில் திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டித்தான் கிடக்கின்றன.

ஜெர்மனியில் இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். ஆலன் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. நகராட்சி புதிதாகக் கழிப்பிடம் கட்டிப் பராமரிப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே கழிவறை வைத்திருக்கும் உணவகங்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறது. அவர்கள் வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறார்கள். ஸ்டிக்கர் இருக்கிற கடையில் யாரும் எதுவும் வாங்காமல் போய் வரலாம். வேறு நூற்றுக்கணக்கான ஊர்கள் அதைப் பின்பற்றின. லண்டனில் ரிச்மண்ட் பகுதி நிர்வாகமும் கடைகளோடு இதேபோல ஏற்பாடு செய்துகொண்டது. கடைக்காரருக்குக் கழுவும் செலவு வந்துவிடுகிறது, நகராட்சிக்குக் கட்டடச் செலவு மிச்சம், ஊருக்கு வருபவருக்குச் சுத்தமான இடம்.

இதை நம் வணிகர் சங்கங்கள் ஏன் கேட்கக் கூடாது? லைசென்ஸ் கட்டணத்துக்கும் குப்பை வரிக்கும் மனு எழுதுகிறோமே, அதோடு இன்னொன்று: கழிவறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சம்மதிக்கிற கடைக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் சலுகை, வருஷத்துக்கு ஒரு முறை இலவசக் கழிவுநீர் லாரி, மாதம் ஒரு சிறு தொகை. நகராட்சி ஆணையரிடம் வெறும் மனுவோடு போகாமல், கடைத்தெருவில் எந்தெந்தக் கடை தயார், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பெண்களுக்குத் தனியறை எங்கே உண்டு என்று ஒரு பட்டியலும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சித்திரைத் திருவிழா, தீபாவளிக் கூட்ட நாட்களுக்கு மட்டுமாவது முதலில் கேட்டுப் பார்க்கலாம். மொபைல் டாய்லெட் வண்டியை வாடகைக்கு நிறுத்துகிற செலவோடு ஒப்பிட்டு ஒரு பக்கக் கணக்கும் சேர்த்துக் கொடுத்தால் அதிகாரிகள் கொஞ்சம் நின்று படிப்பார்கள்.